ஒரு முழம் ஆஃப்சைடு

“கீழே இருந்து ரெண்டாவது வரி. வாய்விட்டுப் படிங்க.”

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூட ஆசிரியை, சோதனைக் கண்ணாடியை மூக்கின் மேல் நகர்த்திவிட்டுக்கொண்டு கையிலுள்ள அட்டையை உற்றுப் பார்க்கிறார். மற்ற கடைகளில் கொடுப்பதுபோல வழக்கமான எழுத்து அட்டை அல்ல அது. அன்றைய செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டிய கால்பந்துப் பட்டியல். இரண்டாம் டிவிஷன், இருபது அணிகள், பொடி எழுத்து. ஆசிரியை படிக்கிறார்: ஆட்டம் முப்பத்தொன்று, வெற்றி ஐந்து, சமன் எட்டு, தோல்வி பதினெட்டு.

“தெளிவாத் தெரியுதா?”

“நல்லாத் தெரியுதுங்க.”

“அப்போ உங்க கண்ணுல ஒண்ணும் பெரிய கோளாறு இல்ல. கோளாறு அவங்க கால்ல.”

சொல்லிவிட்டு, சிரிக்காமல், சீட்டில் பவரைக் குறித்துக்கொள்கிறார் கண்ணாடியக்கா.

திங்கட்கிழமைதோறும் அட்டையில் பட்டியல் மாறும். அக்காவின் கிளப் இருக்கும் வரி மட்டும் பெரும்பாலும் மாறாது. சில வாரம் கீழே இருந்து மூன்றாவது, சில வாரம் கடைசி. கடைசி வரி வந்துவிட்டால் அக்காவுக்கு ஒரு வசதி: “அடியில இருக்கிறதைப் படிங்க” என்று சொன்னால் போதும், எண்ண வேண்டியதில்லை.

கடை பத்தடி அகலம். ஒரு பக்கம் சாவி நகல் எடுப்பவர், மறு பக்கம் நூலும் பொத்தானும் விற்பவர். முன்பக்கம் கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்பக்கத் திரைக்கு அந்தப்புறம் லென்ஸ் தேய்க்கும் யந்திரமும் அதை ஓட்டும் கணவரும். யந்திரத்தின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது என்பார் அவர். கால்பந்தைப் பற்றி அக்கா பேச ஆரம்பித்தால் ஒரு சொல்லும் அவர் காதில் விழாது. “சாப்பிடலாமா?” என்று மெல்லக் கேட்டால் மட்டும் யந்திரம் சட்டென்று நிற்கும்.

நான் அந்தக் கடைக்கு வருடத்தில் நாலைந்து முறை போகிறேன். சொந்தக் கண்ணாடியின் மேல் நானே உட்கார்ந்து உடைப்பது என் பழக்கம். வளைந்த சட்டத்தை அக்கா வாங்கி, இரண்டு கட்டைவிரலாலும் நீவி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். “தம்பி, இது நம்ம கோல் போஸ்ட் மாதிரி ஆயிடுச்சு. எப்படி நிமித்தினாலும் ஒரு பக்கம் சாயும்” என்பார். நான் பெஞ்சில் உட்காருவேன். நிமிர்த்துகிற நேரம் முழுவதும் பேச்சு அந்த ஒரு கிளப்பைப் பற்றியதாகவே இருக்கும்.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. கட்டை குட்டையான உருவம், காதோரம் நரை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டித் திருப்புளி. அவருக்கே கண்ணாடி கிடையாது. “எனக்குப் பார்வை ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் கஷ்டமே. மங்கலாத் தெரிஞ்சா நிம்மதியா மேட்ச் பார்த்திருப்பேன்.”

அவர் கால்பந்துக்குப் போனது ஆசையினால் அல்ல. கல்யாணமான புதிதில், கொழுந்தனார் மாடிப்படியில் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அந்த வருடம் முழுவதற்குமான டிக்கெட்டை அவர் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். வீட்டில் வேறு யாருக்கும் ஆர்வம் இல்லை. “டிக்கெட் வீணாப் போகக் கூடாதேன்னு போனேன். டிக்கெட் பொழச்சது, நான் வீணாப் போயிட்டேன்” என்கிறார் அக்கா. கொழுந்தனார் கால் சரியாகி வந்து டிக்கெட்டைக் கேட்டபோது, அண்ணி தரவில்லை. முப்பத்திரண்டு வருடமாக அதே இருக்கை. கிழக்குப் பக்கம், மூன்றாவது வரிசை, பெனால்டி பெட்டியின் கோட்டுக்கு நேர் எதிரே.

கிளப்பின் சட்டை பச்சை. அதனால் ஊரில் எல்லாருக்கும் அது ‘பச்சை’தான். “பச்சை என்னாச்சு?” என்று சனிக்கிழமை சாயங்காலம் தெருவில் யாராவது கேட்டால், பதில் சொல்பவர் உதட்டைப் பிதுக்கினாலே போதும்.

பழைய காலத்துப் பச்சையைப் பற்றிப் பேசும்போது பலருக்குக் குரல் குழையும். அக்காவுக்குக் குழையாது. “அப்போ மட்டும் என்ன வாழ்ந்துச்சு? அப்பவும் தோத்தாங்க. ஆனா அப்போ முன்னாடி உதைச்சுத் தோத்தாங்க, இப்போ பின்னாடி உதைச்சுத் தோக்குறாங்க. தோக்குறதுக்கும் ஒரு திசை வேணும்ல?” இப்போதுள்ள கோச் பந்தைப் பின்னால் தட்டித் தட்டி ஆட்டத்தைக் கட்டச் சொல்கிறாராம். மடிக்கணினியோடு கோட்டோரம் நிற்பதால் அவருக்கு ‘லேப்டாப்’ என்று பெயர். “கட்டுறாரு, கட்டுறாரு, முப்பது ஆட்டமாக் கட்டுறாரு. அஸ்திவாரத்தையே இன்னும் தாண்டல.”

பழைய கோல்கீப்பர் ஒருவரை அக்கா ‘ஜன்னல்’ என்றே சொல்வார். எப்போதும் திறந்தே இருப்பாராம். “ஆனா நல்ல பிள்ளை. கோல் வாங்கினதும் எங்க பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுவான். இப்ப இருக்கிறவன் கோல் வாங்கிட்டு மத்தவனைத் திட்டுறான்.” புது நிர்வாகம் சட்டையின் பச்சையை வெளிறிய பச்சையாக மாற்றியபோது அக்கா ஒரு கடிதம் எழுதினார், இரண்டே வரி: ‘ஐயா, புதிதாக வாங்கும்போதே பழையதாகத் தெரிகிறது. எங்களுக்கு ஏற்கெனவே பழையது வீட்டில் இருக்கிறது.’ பதில் வரவில்லை. அவரும் புதுச் சட்டை வாங்கவில்லை.

மகளைக் கட்டிக் கொடுத்தது பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்குள்ள கிளப் முதல் டிவிஷனில் கோப்பை மேல் கோப்பையாக வாங்குகிறது. மாப்பிள்ளை அவர்களுடைய ஆள். அக்காவுக்கு அவர் மேல் கோபமில்லை, இரக்கம்தான். “பாவம், ஜெயிச்சா அன்னைக்கு ஒரு நாள் சந்தோஷம், அதோட முடிஞ்சுது. எங்களுக்குத் தோத்தா ஒரு வாரம் பேச விஷயம் இருக்கு. மாப்பிள்ளை எங்க வீட்டுக்கு வந்தா சோபாவுல பேசாம உக்காந்திருப்பாரு. பேச அவருக்கு என்ன இருக்கு?”

ஆனால் பச்சைக்காரர்கள் எல்லாருக்கும், எந்த வாரமும், பேசத் தீராத ஒரு விஷயம் உண்டு. அதுதான் அந்த கோல்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் பச்சை முதல் டிவிஷனில் இருந்தது. சீசனின் கடைசி ஆட்டம். சமன் செய்தால் தப்பிக்கலாம், தோற்றால் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். ஒன்று பூஜ்யம் பின்தங்கியிருந்தார்கள். எண்பத்தெட்டாவது நிமிடம் அணித் தலைவர் பந்தை வலைக்குள் அடித்தார். மாவு மில்லில் வேலை பார்த்த ஆறடி மனிதர் அவர், அதனால் பெயரும் ‘மாவு’. அரங்கமே எழுந்து ஆடியது. அப்போதுதான் கோட்டோரம் நின்ற உதவி நடுவரின் கொடி உயர்ந்தது. ஆஃப்சைடு. சக ஆட்டக்காரர் பந்தை உதைத்துத் தரும் நொடியிலேயே மாவு எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி நின்றிருந்தார் என்று தீர்ப்பு. கோல் இல்லை. ஆட்டம் முடிந்தது, பச்சை இறங்கியது. இன்று வரை ஏறவில்லை.

படத்தைப் போட்டுப் பார்க்கலாமே என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு கேமரா, அதுவும் எதிர்ப்புறத்தில். அதற்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரு விளக்குக் கம்பம். படத்தில் கம்பத்துக்கு இடது பக்கம் மாவு நுழைகிறார், வலது பக்கம் வெளியே வருகிறார், பந்து வலைக்குள் இருக்கிறது. இடையில் நடந்ததைக் கம்பம்தான் சொல்ல வேண்டும்.

கம்பம் சொல்லவில்லை, கண்ணாடியக்கா சொன்னார். ஊரில் கண் பார்க்கிறவர், கோட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவர், ‘கோல்தான்’ என்று சொன்னார். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் அதுவே தலைப்பு. அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகமே இல்லை. அரங்கத்தின் டீக்கடைச் சுவரில் யாரோ பெரிய எழுத்தில் ‘அது கோல்!’ என்று பச்சைப் பெயின்டில் எழுதினார்கள். வருடா வருடம் அதற்குப் புதுப் பூச்சு நடக்கும்.

அதோடு நிற்கவில்லை. அக்காவுக்குப் பக்கத்து இருக்கை ஒரு தபால்காரருடையது. எல்லாரும் ‘தபாலு’ என்பார்கள். அந்த கோலைப் பற்றி அவரைப்போல விவரமாகச் சொல்ல ஆள் கிடையாது. மாவின் இடது கால் எங்கே, வலது கால் எங்கே, கடைசித் தடுப்பாட்டக்காரனின் குதிகால் எங்கே என்று டீக்கடை மேசையில் பிஸ்கட்டை வைத்துக் காட்டுவார். அவர் யோசனைதான் அது: கொடி தூக்கியவருக்குப் பார்வை இல்லை, ஆகவே எல்லாரும் ஆளுக்கொரு பழைய கண்ணாடி அனுப்புவோம். அக்கா கடையிலிருந்து, செய்யக் கொடுத்தவர்கள் வந்து வாங்காமல் விட்ட பழைய கண்ணாடிகள் லென்ஸோடு ஓர் அட்டைப்பெட்டி நிறையப் போயின. மொத்தம் நாற்பத்து மூன்று. தபாலுவே பொட்டலம் கட்டி, தன் கையாலேயே முத்திரை குத்தி, லீக் அலுவலகத்தின் வழியாக அவருக்கு அனுப்பினார். ஊர் சிரித்தது. பிறகு மறந்தது.

இந்த வருடம், மழை பிடித்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், என் கண்ணாடி அக்காவின் கட்டைவிரல்களுக்கு நடுவில் இருந்தது. நெடுநெடுவென்று ஒருவர் குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்தார். எழுபது வயதிருக்கும். முதுகு வளையவே இல்லை. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே கறுப்பு நிறத்தில் தடித்த பழைய கண்ணாடி ஒன்று, காதில் மாட்டும் தண்டு ஒடிந்து கிடந்தது.

“ரிப்பேர் பண்ண முடியுமாம்மா? தண்டுல உங்க கடைப் பேரு இருந்தது. அதைப் பார்த்து விசாரிச்சுட்டு வந்தேன்.”

அக்கா வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இந்த மாடல் நின்னு போயி காலு நூற்றாண்டு ஆகுது சார். எங்க வாங்கினீங்க?”

“வாங்கல. தபால்ல வந்தது.”

“ஒத்தக் கண்ணாடியவா தபால்ல அனுப்பினாங்க?”

“ஒண்ணு இல்லம்மா. நாப்பத்தி மூணு.”

அக்காவின் கட்டைவிரல்கள் நின்றுவிட்டன. திரைக்குப் பின்னால் யந்திரமும் நின்றது.

அவர் ஒன்றும் குற்றம் சாட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. வெளியில் மழை பெய்கிறது என்று சொல்கிற அதே குரல்தான். “நான் அந்தக் காலத்துல கால்பந்துக்குக் கொடி பிடிக்கிற வேலை பார்த்தேன். ஒரு மேட்ச்ல ஊர்க்காரங்களுக்குக் கோபம். அனுப்பிட்டாங்க. எல்லாத்தையும் பரண்ல போட்டேன். நாப்பத்தெட்டு வயசுல வெள்ளெழுத்து வந்துச்சு. பேப்பர் படிக்க முடியல. சும்மாதானே கிடக்குதுன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இது எனக்குன்னே செஞ்ச மாதிரி இருந்தது. இருபது வருஷமாப் போடுறேன். நல்ல சாமான்மா, குறை சொல்லக் கூடாது.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. “உக்காருங்க சார். முதல்ல கண்ணைப் பார்ப்போம்” என்றார்.

தூரத்துப் பலகையின் கடைசி வரியை அவர் தடங்கலில்லாமல் படித்தார். அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் ஒன்று கொசு அளவில் இருக்கும். அதையும் படித்தார். தூரத்துக்குக் கண்ணாடியே தேவையில்லை. பிறகு கிட்டத்துக்கு. அக்காவின் கை பழக்கத்தில் பட்டியல் அட்டையை எடுத்துவிட்டது, எடுத்த பிறகு திருப்பி வைக்க முடியவில்லை. அவர் வாங்கி, தானாகவே அடியிலிருந்து படித்தார். கீழிருந்து இரண்டாவது வரியில் கொஞ்ச நேரம் நின்றார்.

“இன்னும் மேல ஏறலையா இவங்க?”

“இல்லைங்க சார்.”

“நான்தான் இறக்கிவிட்டேன்னு சொல்வாங்க.” அட்டையை மடியில் வைத்தார். “நானும் நிறைய யோசிச்சிருக்கேன்மா. கொடியைத் தூக்கினப்போ எனக்குத் துளி சந்தேகம் இல்ல. மறுநாள் பேப்பர்ல பார்த்தேன். கோட்டுக்கு நேரா, கண்ணு பார்க்கிற அம்மா ஒருத்தங்க உட்கார்ந்திருந்தாங்களாம், அவங்களே கோல்னு சொல்லிட்டாங்களாம். அதுதான் என்னைப் போட்டு ஆட்டிருச்சு. நான் ஓடிக்கிட்டே பார்த்தவன், அவங்க உட்கார்ந்து பார்த்தவங்க. அதுக்கப்புறம் கொடியைத் தூக்குறப்பல்லாம் கை ஒரு நொடி தயங்கும். கொடி பிடிக்கிறவனுக்கு அது ஆகாது. ரெண்டு வருஷத்துல விட்டுட்டேன்.”

திரை ஓரத்தில் கணவரின் மூக்கு தெரிந்தது.

“சார், அந்த அம்மா நான்தான்.”

அவர் தலையைத் தூக்கினார்.

“அது ஆஃப்சைடுதான் சார். எனக்கு அப்பவே தெரியும். நம்ம ஆளு ஒரு முழம் வெளிய நின்னான்.”

அவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். சோதனைக் கண்ணாடிக்குள் கண்கள் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. “ஒரு முழமா?” என்றார் கடைசியில்.

“ஒரு முழத்துக்குக் குறையாது.”

“நான் அரை முழம்னுல்ல நினைச்சேன்!”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒடிந்த தண்டுக்குத் திருகாணி தேட ஆரம்பித்தார். திருகாணி டப்பா கண்ணெதிரேயே இருந்தது. ரொம்ப நேரம் தேடினார்.

அன்றைக்கு ஏன் கோல் என்று சொன்னார் என்பதை, கொடிக்காரர் போன பிறகு அக்கா எனக்குச் சொன்னார். ஆட்டம் முடிந்ததும் மாவு நேராக வேலிப் பக்கம் வந்திருக்கிறார். முப்பத்து நாலு வயது, அதுதான் அவருக்குக் கடைசி ஆட்டம். ஆறடி ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுகிறார். “அக்கா, நீங்க நேராப் பார்த்தீங்கல்ல? கோல்தானே?” அக்கா சொன்னார்: “கோல்தான்டா, அழாத.” பின்னால் நின்ற பத்திரிகைக்காரரை அவர் கவனிக்கவில்லை. “ஒரு ஆளுக்கு ஆறுதலாச் சொன்னது தம்பி. ஊருக்கே வரலாறாப் போச்சு. அப்புறம் வாயைத் திறக்க முடியல. கொடி பிடிச்ச மனுஷனுக்கு ஒரு வீடு இருக்கும், அவர் பேப்பர் படிப்பார்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க.”

அந்தச் சனிக்கிழமை அக்கா மேட்சுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். “கூட ஒரு ஆள் இருந்தா எனக்கும் தெம்பு” என்றார். கணவர் வாசல் வரை வந்து, “இப்போ போயி எதுக்கும்மா இதெல்லாம்?” என்றார். “எனக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே அங்க எப்படி உக்காந்து நான் கோல்னு தலையாட்டுவேன்?” என்று மட்டும் சொல்லிவிட்டு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார்.

இடைவேளையில், காகிதக் கோப்பைகளில் டீ வந்திருந்தபோது, அக்கா எழுந்து நின்றார். நான்கு வரிசைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்குப் பார்த்தது என்ன, சொன்னது என்ன, அந்தக் கொடிக்காரர் கடைக்கு வந்தது, எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸம்மா, “சரி, அப்படியே இருக்கட்டும், இப்போ எதுக்குக்கா சொன்னீங்க? நல்லாத்தானே இருந்தோம்” என்றார் அழுகிற குரலில்.

தபாலு டீயை வாயருகே பிடித்தபடியே இருந்தார். “அக்கா, விளையாடாதீங்க.”

“விளையாடல தபாலு.”

அவர் டீயைக் கீழே வைத்தார். உட்கார்ந்திருந்த சின்ன மெத்தையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி, மேலே கடைசி வரிசைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தார். இரண்டாம் பாதியில் பச்சை இரண்டு கோல் வாங்கியது. அன்றைக்கு யாரும் லேப்டாப்பைக் கூடத் திட்டவில்லை.

மூன்று வாரம் அப்படியே போனது. தபாலு கடிதங்களைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் போய்விடுவார். மைதானத்தில் அக்காவுக்குப் பக்கத்து இருக்கை காலி. டீக்கடைச் சுவரை என்ன செய்வது என்று ஒரு விவாதம் நடந்தது. அழித்துவிடலாம் என்றார் ஒருவர். டீக்கடை அம்மா விடவில்லை. அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால், யாரோ ஆச்சரியக்குறியின் தலையை வளைத்துக் கேள்விக்குறி ஆக்கியிருந்தார்கள்: ‘அது கோல்?’ அக்கா அதைப் பார்த்து முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார்.

ஆனால் தபாலு இல்லாத ஆட்டம் அவருக்கு ஆட்டமாகவே இல்லை. லேப்டாப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே பக்கத்தில் திரும்புவார், வெறும் பலகை இருக்கும். மீதியை எனக்குச் சொல்வார். நான் சிரிப்பேன். தபாலுவாக இருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பார்.

நான்காவது வாரம், கடையில் நான் இருந்தபோதே தபாலு வந்தார். கடிதத்தைக் கதவிடுக்கில் போடவில்லை, மேசையில் வைத்தார். போகவும் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார்.

“அக்கா, உங்க மேல எனக்கு என்ன கோபம்னு நினைச்சீங்க?”

“பொய் சொன்னேன்னு.”

“அது இல்லக்கா.” தொப்பி இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியது. “நான் அந்த கோலைப் பார்க்கவே இல்ல.”

“என்னது?”

“அந்த நேரத்துல நான் கக்கூஸ் வரிசையில நின்னுட்டு இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். வரும்போது எல்லாரும் கொடிக்காரரைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க. ஆட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போறப்போ என்ன ஆச்சுன்னு உங்களைத்தான் கேட்டேன். நீங்க சொன்னீங்க. நான் அதைத்தான் ஊரெல்லாம் சொன்னேன்.”

“அப்போ இடது கால் எங்க, வலது கால் எங்கன்னு பிஸ்கட்டை வெச்சு வெச்சுக் காட்டுவீங்களே?”

“நீங்க ஒரு தடவை திருகாணியை வெச்சுக் காட்டினீங்க. அதைத்தான் நான் பிஸ்கட்டுல காட்டினேன்.” அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். “இருபத்திரண்டு வருஷமா உங்க கண்ணாலதான்க்கா நான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அது பொய்ன்னா நான் எங்க போவேன், சொல்லுங்க.”

அக்கா சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தார். திரைக்குப் பின்னாலிருந்து, காது கேட்காதவர் சிரிக்கும் சத்தமும் வந்தது. அந்தச் சனிக்கிழமை மெத்தையோடு தபாலு மூன்றாவது வரிசைக்கு இறங்கி வந்துவிட்டார். வந்த கையோடு, “இனிமே ஒரு கண்டிஷன்க்கா. நான் எழுந்து போனப்போ ஏதாவது நடந்தா, நடந்ததை நடந்த மாதிரியே சொல்லணும்” என்றார்.

நான் எழுதுகிற பத்திரிகையில் இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். “எழுதுங்க தம்பி. ஒரு முழம்னே எழுதுங்க. அவர் சொன்னாருன்னு அரை முழமாக் குறைச்சுடாதீங்க.”

அந்தப் பழைய சட்டத்துக்குப் புதுத் தண்டும் புது லென்ஸும் போட்டுக் கொடுத்த நாளில், அக்கா கொடிக்காரரை மேட்சுக்குக் கூப்பிட்டார். அவர் தயங்கினார். “என்னைக் கல்லால அடிக்க மாட்டாங்களாம்மா?”

“எங்க கூட்டத்துல யாரும் குறி வெச்சு எதையும் அடிச்சதே இல்ல சார். தைரியமா வாங்க.”

சீசனின் கடைசிக்கு முந்தின ஆட்டத்துக்கு அவர் வந்தார். அதே நிமிர்ந்த முதுகு, அதே குடை. நான்கு வரிசையும் திரும்பிப் பார்த்தது. தபாலு ஓர் இருக்கை நகர்ந்து உட்கார்ந்து, நடுவில் இடம் விட்டார். நர்ஸம்மா பின்னாலிருந்து ஒரு டீயை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் எதிரணியின் ஒருவன் முன்னால் நழுவ, “ஆஃப்சைடு!” என்று நான்கு வரிசையும் கத்தியது. கத்திவிட்டு எல்லாரும் ஒன்றாக அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மெல்லத் தலையை இரு பக்கமும் ஆட்டினார். இல்லையாம். “சரி, அவரே சொல்லிட்டாரு” என்று தபாலு உட்கார்ந்தார். அந்த நகர்விலிருந்தே முதல் கோல் விழுந்தது.

இரண்டாவது பாதியில் மழை வலுத்தது. மூன்று பூஜ்யம். பச்சை பந்தைப் பின்னால் தட்டிக்கொண்டிருந்தது. பணக்கார இருக்கைகள் காலியாகிவிட்டன. அக்கா முழங்கால்களின் மேல் பிளாஸ்டிக் உறையை விரித்துக்கொண்டு, தபாலுவிடம் லேப்டாப்பின் அஸ்திவாரத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். தபாலு எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு இரண்டு பேரும் ஏதோ விருந்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள்.

எண்பத்தைந்தாவது நிமிடம் இருக்கும். நடுவில் உட்கார்ந்திருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மரியாதையாக முனகிக்கொண்டே எழுந்து, குடையை விரிக்கப் போனார்.

கண்ணாடியக்கா மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. இடது கையை மட்டும் நீட்டி, அவருடைய மேல்கோட்டின் ஓரத்தைப் பிடித்து, அழுத்தமாக ஒரே இழுப்பில் அவரைக் கீழே உட்கார வைத்தார். கடைசி விசில் ஊதும் வரை அந்தப் பிடியை விடவில்லை.